பழைய சேத்தக்கும் புதிய பாகங்களும்: மாவு வைத்து இடைவெளி அளந்த ஒரு லேத் பட்டறை

இந்த மதிப்புரை மூன்று பொருட்களையும் ஒரு பட்டறையையும் பற்றியது. பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கென வெளிச்சந்தையில் விற்கப்படும் டியூப்லெஸ் அலாய் ரிம் ஒரு ஜோடி, தடித்த ஸ்பிரிங்குடன் வரும் பின்பக்க ஷாக் அப்சார்பர், வயிறு பருத்த 'ஸ்போர்ட்ஸ்' சைலன்சர் ஆகியவை அந்த மூன்று பொருட்கள். பட்டறை, புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு சந்துக்குள் பெயர்ப்பலகை கூட இல்லாமல் நடக்கும் லேத் பட்டறை. தம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எங்கும் எழுதக் கூடாது என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கையில் இருக்கும் வேலையையே முடித்துக் கொடுக்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம்; அது முற்றிலும் உண்மை என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

வண்டி 1994ஆம் ஆண்டு வாங்கியது. என் தந்தை கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்த காலத்தில் வீட்டுக்கு வந்த அந்த வண்டி, அவருக்குப் பிறகு புதுச்சேரியில் என்னிடம் இருக்கிறது. 57 மி.மீ. விட்டமும் 57 மி.மீ. ஓட்டமும் கொண்ட 145 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், இடது கைப்பிடியைத் திருகி மாற்றும் நான்கு கியர், 10 அங்குலச் சக்கரம் என்று எல்லாம் அப்படியே இருக்கின்றன. பதினைந்து ஆண்டுக் கெடு முடிந்த 2009இல் தொடங்கி, 2014, 2019, 2024 என ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்து வருகிறேன். பரிசோதனைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்கும் யாராவது ஒருவர் விலை கேட்காமல் இருந்ததில்லை.

அலங்காரத்துக்காக நான் பாகங்களை மாற்றத் தொடங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் முதலியார்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போய்வருகிறேன். ஒரு நாள் கன்னியக்கோயில் அருகே பின்சக்கரத்தின் டியூப் ஒரேயடியாகக் காற்றை விட, பின்னால் என் மனைவி அமர்ந்திருக்க, வண்டி பாம்பு போல நெளிந்து ஓரத்துக்குப் போய் நின்றது. சேத்தக்கில் ஸ்டெப்னி உண்டே என்று கேட்கலாம். ஸ்டெப்னி பஞ்சரான பிறகுதான் உதவும். பஞ்சராகும் அந்த நேரத்தில் அதனால் எந்தப் பயனும் இல்லை. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும் என்பதால் ரிம்மை மாற்ற முடிவு செய்தேன். ரிம்மோடு நின்றிருக்க வேண்டும். கடைக்காரர் ஷாக்கையும் சைலன்சரையும் எடுத்து மேசை மேல் வைத்தார். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

மூன்றையும் பொருத்திய கடையின் பெயர் இங்கே தேவையில்லை. 'டயரும் கொஞ்சம் பெரிசா போட்டா வண்டி ரோட்டைப் புடிச்சு நிக்கும் சார்' என்று சொல்லி, கம்பெனி அளவான 3.50-10க்குப் பதிலாக 100/90-10 டயரை இரண்டு சக்கரங்களிலும் ஏற்றினார்கள். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது அது பார்க்க மிக நன்றாகத்தான் இருந்தது. பின்னால் நின்று பார்த்தால் டயர் நிறைவாகத் தெரிந்தது. சிவப்பு ஸ்பிரிங் மின்னியது. சைலன்சர் சற்றே கனத்த குரலில் பேசியது. ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையாது என்பதைக் கவனித்து நான் கேட்டதற்கு, நாலு மில்லிமீட்டர் இருக்கிறது, அது போதும் என்று பதில் வந்தது.

அந்த நான்கு மில்லிமீட்டர் தவளக்குப்பம் வரை கூடத் தாங்கவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம். இடப்பக்கமாகத் திரும்பியபோது மீண்டும் அதே சத்தம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் வாடை. நிறுத்திப் பார்த்தால், டயரின் வலப்பக்கக் கன்னத்தைச் சுற்றிலும் நகக்கீறல் போல ஒரு வட்டக் கோடு விழுந்திருந்தது. ஸ்பிரிங்கின் சிவப்பு வண்ணம் அரைச் சுற்றுக்கு உரிந்து இரும்பு தெரிந்தது. டயரின் அடுத்த பக்கம் சைலன்சரின் வயிறும் லேசாகப் பளபளத்தது. உரசியது ஓர் இடம் அல்ல, இரண்டு இடம். டயரின் கன்னம்தான் அதன் மெல்லிய பகுதி. தரையில் தேயும் பகுதியைப் போல அங்கே தடித்த ரப்பர் கிடையாது. இன்னும் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எந்தப் பஞ்சருக்குப் பயந்து இதையெல்லாம் செய்தேனோ, அதைவிடப் பெரிய வெடிப்பை நானே விலை கொடுத்து வாங்கியிருப்பேன்.

டயர் எண்களை வாங்குவதற்கு முன்பே நான் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். 3.50-10 என்பதில் 3.50 என்பது அங்குலக் கணக்கிலான அகலம். மில்லிமீட்டரில் அது ஏறத்தாழ 89. உயரமும் ஏறத்தாழ அதே அளவு என்பதால், 254 மி.மீ. ரிம்மின் மேலும் கீழும் அதைச் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் 432 மி.மீ. வருகிறது. 100/90-10 டயரின் அகலம் 100 மி.மீ.; உயரம் அதில் 90 விழுக்காடு, அதாவது 90 மி.மீ.; மொத்த விட்டம் 434. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மட்கார்டிலும் தரையிலும் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் அகலத்தில் 11 மி.மீ. கூடுகிறது, பக்கத்துக்கு ஐந்தரை. பொதுவான வண்டியில் இது பெரிய விஷயமே இல்லை. சேத்தக்கில் பின்சக்கரம் இரு கைகளுக்கு நடுவே மாட்டப்பட்டதல்ல. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் சக்கரமும் ஒரே துண்டாகச் சேர்ந்து, முன்னால் உள்ள ஒரு நீண்ட போல்ட்டைச் சுற்றி ஏறி இறங்குகின்றன. சக்கரத்தின் வலப்பக்கம் எஞ்சின் கூடும் ஷாக்கும் நெருக்கமாக நிற்கின்றன. அந்தப் பக்கம் ஐந்தரை மில்லிமீட்டரைக் கடன் கேட்டால் கொடுக்க இடமில்லை. அதற்கு மேல் தடித்த ஸ்பிரிங்கும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பாகமும் தனியாகப் போட்டால் ஒருவேளை பொருந்தியிருக்கும். மூன்று பாகங்களும் ஒரே இடைவெளியைப் பங்கு போட்டதுதான் சிக்கல். பொருத்தியவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

சரி, அகலத்தைக் குறைப்போம் என்று 90/90-10 போடலாமா என்றும் பார்த்தேன். அகலம் சரியாக இருக்கிறது, ஆனால் மொத்த விட்டம் 416 மி.மீ.தான். வண்டி 8 மி.மீ. தாழும். சேத்தக்கில் வேகமானி முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஓடுவதால், முன்னால் அந்த டயரைப் போட்டால் முள் ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூட்டிக் காட்டும். 60 என்று காட்டும்போது வண்டி 58க்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் நம் ஊர் வேகத்தடைகள் மேல் 8 மி.மீ. இழப்பது எனக்குச் சம்மதமில்லை.

முதலில் பொருத்திய கடைக்கே வண்டியைக் கொண்டுபோனேன். பிரேக் டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவே தடித்த வாஷர்களைப் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளிவிடலாம் என்றார்கள். ஸ்பிரிங்கில் உரசுவது உடனே நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் பின்சக்கரம் முன்சக்கரத்தின் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும். அதைவிட மோசமானது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் 8 மி.மீ. ஸ்டட்டுகளில் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறைந்துவிடும். அலாய் ரிம்மின் நடுப்பகுதி பழைய தகட்டு ரிம்மைவிட ஏற்கெனவே தடிமனானது என்பதால், வாஷர் போடும் முன்பே நட்டின் முகப்பு வரை ஸ்டட் எட்டாமல் உள்ளே நின்றுகொண்டிருந்தது. இதைச் சுட்டிக்காட்டியபோது 'எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடறோம்' என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நெல்லித்தோப்புப் பட்டறைக்கு வழி சொன்னவர் எங்கள் தெருவில் உள்ள மாவு மில்காரர். மில்லின் உருளைகளை அங்கேதான் கடைந்து வாங்குவாராம். பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு பழைய லேத், ஒரு துளையிடும் இயந்திரம், சுவரில் வரிசையாக மாட்டிய போரிங் கம்பிகள். உரிமையாளருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் ஓடிய காலத்தில் அவருடைய முழுநேர வேலை சிலிண்டருக்குப் போர் போடுவது, அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து விரிப்பது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே மயிரிழையில் பாதி இடம் விட்டுக் கடைந்து பழகிய கைக்கு நான் கொண்டுபோன நான்கு மில்லிமீட்டர் சிக்கல் பெரிய மைதானம் போலத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியைச் சுற்றி வந்தார். அளவுகோலை எடுக்கவில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி, பின்சக்கரத்தின் மேல் விளிம்பை இரு கைகளாலும் பிடித்து ஷாக்கின் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினார். டயர் போய் ஸ்பிரிங்கில் ஒட்டியது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது.

'இன்னா தம்பி, நாலு மில்லி இருக்குன்னு சொன்னியே, எங்க இருக்குது?' என்றார்.

என் முப்பது ஆண்டு வண்டியின் குற்றம் அங்கேதான் வெளிப்பட்டது. எஞ்சினை வண்டியோடு இணைக்கும் அந்த நீண்ட போல்ட்டின் இரு முனைகளிலும் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன; மெக்கானிக்குகள் சைலன்ட் புஷ் என்பார்கள். எஞ்சினின் அதிர்வு உடம்புக்கு ஏறாமல் தடுப்பது அவற்றின் வேலை. காலப்போக்கில் ரப்பர் தளர்ந்து ஒரு பக்கமாக அமுங்கிவிட்டால், எஞ்சின் மேலும் கீழும் அசைவதோடு பக்கவாட்டிலும் சாய ஆரம்பிக்கும். அதோடு பிணைந்த சக்கரமும் சாயும். பழைய டயரும் ஒல்லியான பழைய ஸ்பிரிங்கும் இருந்தவரை அந்தச் சாய்வுக்கு இடம் இருந்ததால் அது எனக்குத் தெரியவே இல்லை. திருப்பங்களில் வண்டியின் பின்பகுதி கொஞ்சம் நீச்சலடிப்பது போலத் தோன்றும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதிய பாகங்கள் எந்தப் புதுக் கோளாறையும் உண்டாக்கவில்லை, இருந்த கோளாறைக் காட்டிக் கொடுத்தன என்று சொல்வதே நியாயம்.

அடுத்து அவர் செய்ததைப் பார்க்கத்தான் நான் அந்தப் பட்டறைக்குப் போயிருக்கிறேன் போலும். பையனை அனுப்பிப் பக்கத்து டிபன் கடையிலிருந்து எலுமிச்சம்பழ அளவு பரோட்டா மாவு வாங்கி வரச் சொன்னார். அதை ஸ்பிரிங்கின் உள்பக்கம், டயரைப் பார்த்த இடத்தில் தட்டையாக ஒட்டினார். இன்னொரு துண்டு சைலன்சரின் வயிற்றில். மற்றொன்று முன்சக்கரத்தருகே, டயரை ஒட்டிக் கீழிறங்கி அதைத் தாங்கும் போர்க் (fork) குழாயில். டயரின் கன்னத்தில் மாவு ஒட்டாமலிருக்கக் கேரம் பவுடரைத் தூவினார். பின்சக்கரத்தில் காற்றை இருவர் போகும் அளவுக்கு நிரப்பச் சொன்னார். காற்றுக் குறைந்த டயரை அளந்து பயனில்லை என்பது அவர் கருத்து. பிறகு பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மார்க்கெட் பக்கம் உள்ள வேகத்தடையில் மெதுவாக இரண்டு முறை ஏறி இறங்கி, இடமும் வலமுமாக ஒரு திருப்பம் திரும்பி வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால், டயர் எவ்வளவு நெருங்கியதோ அவ்வளவு வரை மாவைச் சீவி எடுத்திருந்தது. மிச்சமிருந்த மாவின் கனத்தை வெர்னியரால் அளந்தார். ஸ்பிரிங்கில் மிச்சம் ஒன்றுமே இல்லை, இரும்பு தெரிந்தது. சைலன்சரில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்போர்க்கில் இரண்டு.

'வண்டி நிக்கும்போது அளந்து என்னா பிரயோஜனம்? குழில எறங்கும்போது எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு பாக்கணும்' என்பது அவர் சொன்னது. ஓடும் நிலையில் எல்லா இடத்திலும் குறைந்தது ஐந்து மில்லிமீட்டர் வேண்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

முதல் வேலை புஷ்கள். எஞ்சினைக் கீழே இறக்கி, பழைய புஷ்களை வெளியே எடுத்தோம். ஒன்றில் ரப்பர் நடுக்குழாயிலிருந்து முழுதாகப் பிரிந்து, கையால் சுற்றினால் சுழன்றது. சாதாரணமாக இதைச் சுத்தியலால் அடித்து எடுப்பார்கள், அடித்தே ஏற்றுவார்கள். எஞ்சின் கூடு வார்ப்பு அலுமினியம் என்பதால் காது போல நீட்டிய அந்தப் பகுதியில் விரிசல் விழ வாய்ப்பு உண்டு. இவர் நீண்ட மரைக்கம்பி ஒன்றை ஊடே செலுத்தி, இரு பக்கமும் தகுந்த அளவு வளையங்களை வைத்து, நட்டை முறுக்கி முறுக்கியே பழையதை வெளியே இழுத்தார். புதியதையும் அப்படியே உள்ளே இழுத்துப் பொருத்தினார். நான் வாங்கிப் போன புதிய புஷ்களின் நடுக்குழாய் பழையதைவிடச் சற்று நீளமாக இருந்தது. அப்படியே போட்டிருந்தால் வண்டியின் இரும்புச் சட்டத்தின் இரு தாடைகளும் விரிந்துதான் எஞ்சின் உள்ளே போயிருக்கும். அதை லேத்தில் மாட்டிப் பழைய நீளத்துக்குக் கடைந்தார். பெட்டியில் எந்த வண்டியின் பெயர் அச்சாகியிருந்தாலும், பழைய பாகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதியதைப் பொருத்தக் கூடாது என்பதை அன்று கற்றேன்.

புஷ் மாற்றியதும் மீண்டும் மாவுச் சோதனை. பக்கவாட்டுச் சாய்வு பெரிதும் குறைந்து, ஸ்பிரிங்கில் இரண்டு மில்லிமீட்டர் மாவு மிஞ்சியது. ஐந்து இல்லை. இனி டயர் மாற வேண்டும் என்றார். நான் 3.50-10 டியூப்லெஸ் எங்கே தேடுவது என்று கவலைப்பட்டபோது அவர் சிரித்துவிட்டு, தெருவில் நின்ற ஓர் ஆக்டிவாவைக் காட்டினார். அதில் போடும் 90/100-10 டயரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அகலம் 90 மி.மீ., உயரமும் 90, மொத்த விட்டம் 434. பழைய 3.50-10க்கு அது ஏறத்தாழ உடன்பிறந்த அளவு. டியூப்லெஸ்ஸாகவே வருகிறது, புதுச்சேரியிலும் கடலூரிலும் கிடைக்காத டயர்க் கடை இல்லை. 'பெரிய டயர்' தேடி அலைந்த நான், வாடகை ஸ்கூட்டர்கள் நூற்றுக்கணக்கில் ஓடும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டது எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த டயரைப் போட்டதும் பின்னால் ஏழு, முன்போர்க்கில் ஏழுக்குச் சற்று மேல் என்று மாவு மிஞ்சியது.

இனி பொருட்களைப் பற்றிய தீர்ப்பு. அலாய் ரிம் நல்ல பொருள். ஆனால் பெட்டியைத் திறந்து அப்படியே மாட்டும் பொருள் அல்ல. பழைய சேத்தக் ரிம் இரண்டு பாதிகளாகப் பிரிந்து போல்ட்டால் இணைவது. அந்தப் பாதிகள் சம அகலமும் அல்ல. அதைத் திருப்பி மாட்டினாலே சக்கரம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும் என்பது பஞ்சர்க் கடை அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரே துண்டான அலாய் ரிம்மில் அந்தத் தொல்லை இல்லை, வட்டமும் சுத்தமாக ஓடுகிறது. எனக்கு வந்த ஜோடியில் ஒன்றின் நடுத்துளை டிரம்மின் குமிழைவிட ஒரு நூலிழை சிறியதாக இருந்ததால், ரிம் டிரம்மில் முழுதாகப் படியாமல் ஒரு காகித இடைவெளி விட்டு நின்றது. நட்டுகளின் முறுக்கத்தில் அது மறைந்துபோயிருந்தது. துளையைக் கடைந்து விரிவாக்கியதும் சரியாகப் படிந்தது. எல்லா ஸ்டட்டுகளையும் எடுத்துவிட்டு நீளமானவை போட்டார். இப்போது நட்டைத் தாண்டி இரண்டு மரை வெளியே தெரிகிறது. 8 மி.மீ. நட்டில் மொத்தமே ஐந்து மரைதான் இருக்கிறது என்பதை நினைத்தால், முன்பு மூன்று மரைப் பிடிப்பில் நானும் மனைவியும் பயணம் செய்தது இன்றும் உறுத்துகிறது. நேராக நிற்கும் ரப்பர் வால்வில் காற்றுக் குழாயின் மூக்கு நுழைய இடமில்லாததால் வளைந்த உலோக வால்வுகளைப் போட்டுக்கொண்டேன். இவ்வளவும் செய்ய ஆயத்தமாக இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

ஷாக் அப்சார்பரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பிரிங் பருமன் ஒரு குறை. அதைவிட, பழையதைவிடப் பத்து மில்லிமீட்டர் நீளமாக இருந்தது பெரிய குறை. வண்டியின் பின்பகுதி உயர்ந்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் பின்சக்கரம் தரையை விட்டு எழவில்லை. கடற்கரைச் சாலைப் பக்கம் நிறுத்திய இடத்தில் காற்றுக்கே வண்டி ஆடியது. இதைக் கழற்றுவதும் எளிதல்ல, மேல் நட்டை எட்ட வேண்டுமென்றால் பெட்ரோல் டேங்கை வெளியே எடுக்க வேண்டும். சாதாரண கம்பெனி வகை ஷாக் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். சிவப்பு நிறம் இல்லை, வேறு குறையும் இல்லை. மாவுச் சோதனையில் ஏழாக இருந்தது இதற்குப் பிறகு பதினொன்று ஆனது.

சைலன்சரைப் பற்றி நீளமாக எழுத விரும்பவில்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சர் என்பது புகை போகும் குழாய் மட்டுமல்ல, எஞ்சின் மூச்சுவிடும் கணக்கில் அதற்கும் பங்கு உண்டு; அதை மாற்றினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் பார்த்து மாற்ற வேண்டும், விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சத்தம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2029இல் மறுபடி பரிசோதனைக்கு நிற்க வேண்டிய என் போன்றவர்கள் அதை நினைவில் வைப்பது நல்லது. பிடிப்புத் தகட்டை வளைத்து, துளையை நீளமாக்கி அவர் இடைவெளி உண்டாக்கிக் கொடுத்தார். ஒரு வாரம் ஓட்டிவிட்டு நானே கழற்றிப் பழைய சைலன்சரைக் கரி நீக்கி மாட்டிவிட்டேன்.

பட்டறையின் மேல் எனக்குக் குறைகளும் உண்டு. புதன்கிழமை தருவதாகச் சொன்ன வண்டி அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமைதான் கிடைத்தது; இடையில் நான்கு முறை போய் நின்றேன், ஒவ்வொரு முறையும் 'நாளைக்கு வா தம்பி' என்ற பதிலும் ஒரு டீயும் கிடைத்தன. ரசீது கிடையாது. கழற்றிய நட்டு போல்ட்டுகளைப் பழைய பெயின்ட் டப்பாவில் மொத்தமாகப் போடுகிறார். திரும்ப மாட்டும்போது ஒரு சைடு பேனல் திருகு குறைந்தது, இன்றும் குறைகிறது. கடைந்த இடத்திலும் வளைத்த தகட்டிலும் ஒரு பூச்சு அடித்துக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. உப்புக்காற்று வீசும் ஊரில் இது சிறிய குறை அல்ல. மூன்றே வாரத்தில் சைலன்சர் தகட்டில் துரு படர்ந்துவிட்டது. வண்டியை எடுத்த அன்றே ஒரு டப்பா பிரைமர் வாங்கி நீங்களே அடித்துவிடுங்கள்.

கூலி என்று அவர் வாங்கியது, எஞ்சினை இறக்கி ஏற்றியது உட்பட மொத்தம் 2,600 ரூபாய். ரிம்மைக் கடைந்ததற்கு மட்டும் தனியாக 300 கேட்டார், வேறு பேரம் எதுவும் இல்லை. முதல் கடையில் பொருத்துக்கூலியாக நான் கொடுத்தது 1,800. மதிப்பெண் கொடுக்கச் சொன்னால், கைவேலைக்கு ஐந்துக்கு ஐந்து, நேரத்துக்கு ஒன்று. அவசரமாக வண்டி தேவைப்படுபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். வேறு வண்டி கைவசம் இருந்து, இரண்டு வாரம் பொறுக்க முடிந்தவர்கள், பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் சேர்த்தே ஒரு பையில் போட்டு எடுத்துப் போகலாம். பழையதைக் கொண்டுவராதவர்களை அவர் திருப்பி அனுப்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஸ்டெப்னி மட்டும் பழையபடி தகட்டு ரிம்மும் 3.50-10 டியூப் டயருமாகவே இருக்கிறது. மூன்றாவது அலாய் ரிம் வாங்க மனம் வரவில்லை. ஸ்டட்டுகளை நீளமாக்கியதால், மெல்லிய தகட்டு ரிம்மை மாட்ட நேர்ந்தால் மரை முடியும் இடம் வரை நட்டு போய் நின்றுவிடும், ரிம் ஆடும். வண்டியைக் கொடுக்கும்போது அவர் அதையும் யோசித்து, அந்தக் கனத்துக்குச் சரியான ஐந்து வாஷர்களைக் கடைந்து வைத்திருந்தார். நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே, வெளிப்பக்கம் மட்டும்தான் போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பழைய துணியில் முடிந்த அந்த ஐந்தும் இப்போது டூல் பாக்ஸில் ஸ்பானருடன் கிடக்கின்றன.